ஸ்டாக் தளத்தில் தோட்டப் படமும் கோல ஓவியமும்: 14 அனுப்பி 11 திரும்பி வந்தது, எங்கே தவறு?

சிப்புட் கோலம் எழுதியது:

அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டப் படங்களையும் கணினியில் வரைந்த கோலங்களையும் ஸ்டாக் தளங்களில் (பலருக்கும் படத்தை விற்றுத் தரும் இணையதளங்களில்) விற்கத் தொடங்கியிருக்கிறேன். கையில் இருப்பது 18 மெகாபிக்சல் பழைய டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 லென்ஸ், 12 மெகாபிக்சல் கைப்பேசி. கோலத்துக்கு இங்க்ஸ்கேப் என்ற வரைமென்பொருள்.

முதல் தவணையாக ஒரே நிறுவனத்துக்கு 14 படம் அனுப்பினேன். பால்மரம் (ரப்பர்) 6: மூன்று நாய்ஸ் (படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது) என்று திரும்பின, இரண்டு "ஒரே மாதிரி" என்று திரும்பின, ஒன்று தேறியது. செம்பனை (பாமாயில் மரம்) 3: ஒன்று அளவு போதாது, ஒன்றில் ஓரத்தில் நிறக்கோடு, ஒன்று தேறியது. ஆட்கள் உள்ள படம் 3: இரண்டுக்கு ஒப்புதல் கடிதம் இல்லை, ஒன்றில் வணிகச் சின்னம். கோலம் 2: ஒன்றில் "வெக்டர் கோப்பு சரியில்லை", ஒன்று தேறியது.

கேட்க நினைப்பது நான்கு. இந்த நிராகரிப்புகளை எப்படிச் சரி செய்வது? எந்த நிறுவனத்தில் தொடங்குவது நல்லது? அமெரிக்க வரிப் படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று கேட்கிறார்கள். நம் அடையாள அட்டையில் இருப்பது பெயர், ஏ/பி (மகள் என்பதன் சுருக்கம்), அப்பா பெயர். எதை எங்கே எழுதுவது? பால் வெட்டும் அம்மாவின் படத்துக்கு என்ன கையெழுத்து வாங்க வேண்டும்? தெரிந்தவர்கள் இந்தத் தங்கைக்குச் சொல்லுங்கள்.

---

பால்வெட்டு நேரம் எழுதியது:

தங்கச்சி, காரணத்தோட எண்ணிக்கையும் போட்டதால பதில் சொல்றது சுலபம். நான் படத்தைப் பத்தி மட்டும் சொல்றேன். கோலத்துக்கும் காசு விவகாரத்துக்கும் இங்க நல்லாத் தெரிஞ்சவங்க இருக்காங்க.

அளவு போதாதுன்னு வந்த செம்பனைப் படம் கைப்பேசியில எடுத்ததாத்தான் இருக்கணும். அதை வாட்ஸ்அப்ல அனுப்பிக் கணினியில இறக்கினீங்களா? 12 மெகாபிக்சல் படம்னா 4032க்கு 3024. வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிடும். 1600க்கு 1200ன்னா 2 மெகாபிக்சல்கூட இல்ல. ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் ரெண்டுலயுமே குறைஞ்ச அளவு 4 மெகாபிக்சல். கேபிள் போட்டு மூலக்கோப்பை எடுங்க. சுருங்கின படத்தை மென்பொருள்ல பெரிசாக்கி அனுப்பாதீங்க, 100 விழுக்காட்டுல பார்த்தா இலையெல்லாம் மெழுகு பூசின மாதிரி தெரியும்.

நாய்ஸ் பிரச்சினை நேரத்தாலதான் வருது. நம்ம பக்கம் சூரியன் எழவே 7 மணி சுமார் ஆகும், நிரைக்குள்ள (மர வரிசைக்கு நடுவுல) வெளிச்சம் இறங்க இன்னும் நேரமாகும். அந்த இருட்டுல கேமராவை ஆட்டோவுல விட்டா ஐஎஸ்ஓ (சென்சாரோட வெளிச்ச உணர்திறன்) 1600, 3200னு ஏறிடும். பழைய சென்சார்ல அது தாங்காது, பட்டையோட கருப்புப் பகுதியில சிவப்பும் பச்சையுமா புள்ளி வெடிக்கும். முக்காலி போடுங்க. ஐஎஸ்ஓ 200, லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் தேவைப்பட்டா அரை வினாடிகூட இருக்கட்டும், 2 வினாடி டைமர்ல எடுங்க. மரம் அசையாது, மங்கும் (பால் பிடிக்கிற கிண்ணம்) அசையாது. ஆள் வெட்டறப்ப எடுக்கணும்னா ஷட்டர் 1/125 வினாடியைவிட மெதுவாப் போகக்கூடாது, அதுக்கு 8 மணி வரைக்கும் பொறுங்க. பால் அப்பவும் ஓடும். ஆனா வெயில் ஏற ஏற ஓட்டம் குறைஞ்சு வெட்டுக்கோட்டுலயே உறைய ஆரம்பிச்சிடும், அதனால உங்களுக்குக் கிடைக்கிற நேரம் ரொம்பச் சின்னது. 10 மணிக்கு மேல நிரைக்குள்ள போனா தரையெல்லாம் வெயில் பொட்டு விழுந்து படம் புள்ளிமான் தோல் மாதிரி ஆயிடும்.

பால் வெள்ளையா இருக்கிறதால கேமரா ஏமாறும். சுத்திலும் இருண்ட பட்டை, நடுவுல மங்கு நிறைய வெள்ளை. கேமரா பட்டைக்குக் கணக்குப் பார்த்து வெளிச்சம் கூட்டும், பால் வெறும் வெள்ளைப் பொட்டலா வெந்து போகும். எக்ஸ்போஷரை (கேமரா எடுத்துக்கற வெளிச்சத்தை) 0.7லேருந்து 1 ஸ்டாப் வரைக்கும் குறைங்க. பாலோட மேல்பரப்புல இருக்கிற வளைவும் சொட்டு விழுந்த வட்டமும் தெரியணும். இன்னொன்னு, வைட் பேலன்ஸுக்கு (எது வெள்ளைன்னு கேமராவுக்குக் காட்டறதுக்கு) அந்தப் பாலையே தொட்டு எடுக்காதீங்க. பால் சுத்த வெள்ளை இல்ல, லேசா மஞ்சள் கலந்த நிறம். அதை வெள்ளைன்னு சொன்னா மரமெல்லாம் நீலம் பாய்ஞ்சிடும். சாம்பல் அட்டையை மரத்துல சாய்ச்சு வச்சு ஒரு படம் எடுத்துக்குங்க, இலை வழியா வர்ற பச்சைச் சாயமும் அதுலயே போயிடும்.

செம்பனை மட்டை ஓரத்துல நிறக்கோடு வர்றது அந்த லென்ஸுக்கே உள்ள குணம். வெளுத்த வானத்துக்கு எதிரா மட்டை நுனி நின்னா ஒரு பக்கம் ஊதா, மறுபக்கம் பச்சைன்னு மெல்லிசா கோடு விழும். படத்தோட மூலைக்குப் போகப் போக தடிக்கும். எஃப்/8க்கு மூடினா ஊதா குறையும். ரா கோப்பா (கேமரா சுருக்காத மூலக்கோப்பு) எடுத்து டார்க்டேபிள் இல்ல ராதெரபில லென்ஸ் திருத்தம் போடுங்க, ரெண்டும் இலவசம். அதைவிட நல்லது, நிக்கிற இடத்தை மாத்தி வானத்துக்குப் பதிலா அடுத்த வரிசை மரம் பின்னால வர்ற மாதிரி எடுக்கிறது.

"ஒரே மாதிரி"ன்னா, ஒரே மரத்தை நாலு கோணத்துல அனுப்பியிருப்பீங்க. ஒரு விஷயத்துக்கு மூணு படம் போதும்: நிரை முழுக்கத் தெரியற ஒண்ணு, ஒரு மரம் மங்கோட ஒண்ணு, கத்தி பட்டையைச் சீவற இடம் நெருக்கமா ஒண்ணு. வாங்கறவருக்கு இந்த மூணும் மூணு வேலைக்கு ஆகும்.

இதை அழுத்தியே சொல்றேன்: பால்மரப் படத்தை இடவலமாத் திருப்பி அனுப்பாதீங்க. இணையத்துல நிறையப் பேர் எழுத்துக்கு இடம் வேணும்னு திருப்பிடறாங்க. மரத்துக்கு எதிர நின்னு பார்த்தா வெட்டு இடது மேலேருந்து வலது கீழே சரியும், சுமார் 30 பாகை. பட்டைக்குள்ள பால்குழாய் லேசா சாய்ஞ்சு ஓடறதால இந்தப் பக்கமா வெட்டினாத்தான் அதிகக் குழாய் அறுபடும். திருப்பின படத்துல சரிவு மாறி நிக்கும். தோட்டத்துல வேலை தெரிஞ்ச எவரும் ஒரு பார்வையில கண்டுபிடிச்சிடுவாங்க, விவசாயப் பாடநூல் போடறவங்க அந்தப் படத்தைத் தொடமாட்டாங்க.

ஆள் படத்துக்கு வருவோம். முகம் தெரிஞ்சாலும் சரி, முகம் தெரியாம அவங்களே தன்னை அடையாளம் கண்டுக்கற மாதிரி இருந்தாலும் சரி, வணிகப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் படிவம் வேணும். அந்தந்த நிறுவனத்தோட படிவத்தையே இறக்கிக்குங்க. ஆளுக்கு ஒண்ணு, எடுத்த தேதி, கையெழுத்து, கூட ஒரு சாட்சி கையெழுத்து. 18 வயசுக்குக் கீழ்ன்னா பெத்தவங்க போடணும். படிவம் ஆங்கிலத்துல இருக்கும்கிறதுக்காக நீட்டி கையெழுத்து வாங்கிட்டு வரக்கூடாது. "இந்தப் படம் எந்த நாட்டுல எந்த விளம்பரத்துல வேணா வரலாம், அப்புறம் நிறுத்தச் சொல்லி கேட்டா நடக்காது"ன்னு அந்த அம்மாவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. அவங்க யோசிச்சா விட்டுடுங்க. இப்ப செம்பனை வெட்டுல வங்காளதேசம், இந்தோனேசியாவுலேருந்து வந்தவங்க நிறைய. அவங்களுக்குத் தெரிஞ்ச மொழியில சொல்ல ஆள் இல்லாம கையெழுத்து வாங்கவே வாங்காதீங்க.

படிவம் இல்லாமலே எடுக்கலாம்னா கையை மட்டும் படம் எடுங்க. கத்தி பிடிச்ச கை, பட்டைச் சீவல், சொட்டற பால். பச்சை குத்தியிருந்தா, தனியாத் தெரியற மோதிரம் போட்டிருந்தா வேண்டாம். தோட்டத்துக்குள்ள போக அனுமதி வேற விஷயம், அது ஆபீஸ்ல கேட்டே ஆகணும். தோட்டப் பெயர்ப்பலகை, மில் கட்டடம், நிறுவனச் சின்னம் எதுவும் வணிகப் படத்துல வரக்கூடாது.

சின்னம்னு வந்ததுக்கு உங்க படத்துல மோட்டார் நிக்குதான்னு பாருங்க. டேங்க்ல எழுத்து, பின்னால நம்பர் பிளேட், உர மூட்டை, டீ சட்டை, பூட்ஸ், தூக்குச்சட்டிக்குப் பதிலா கொண்டுவர்ற பால்மாவு டின், இதெல்லாம் மாட்டிவிடும். எடுக்கறதுக்கு முன்னாடியே நகர்த்தி வைக்கிறது, அப்புறம் அழிக்கிறதைவிட நூறு மடங்கு நல்லது.

லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சு ஒருதரம் பாருங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு உள்ள சிலந்திவலை மாதிரி பூஞ்சை பிடிக்கும், படம் மொத்தமும் புகை போட்ட மாதிரி மங்கும். காத்துப் புகாத பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரம் 40லேருந்து 50 விழுக்காடு. பத்து வெள்ளி ஈரமானி ஒண்ணு உள்ள போட்டு வைங்க.

---

ஊடுபாவு எழுதியது:

கோலத்துக்கு நான் சொல்கிறேன், தங்கச்சி. "வெக்டர் கோப்பு சரியில்லை" என்று சுருக்கமாகத்தான் சொல்வார்கள், ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்று: மூடாத கோடு, விரிக்காத ஸ்ட்ரோக் (தடிமன் மட்டும் கொடுத்து வரைந்த கோடு), எங்கேயோ ஒட்டிக்கொண்ட பிக்சல் படம்.

சிக்குக் கோலத்தில் மூடாத கோடு வருவது மிகச் சுலபம். நீங்கள் வளைவு வளைவாக நகலெடுத்துப் புள்ளியைச் சுற்றி ஒட்டுவீர்கள். கண்ணுக்குச் சேர்ந்தது போல இருக்கும். 1600 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள், இரண்டு முனையும் மயிரிழை விலகி நிற்கும். அந்த இடத்தில் கோட்டின் முனை வட்டமாக முடிந்து, பக்கத்தில் இன்னொரு வட்ட முனை தொட்டும் தொடாமலும் இருக்கும். வாங்குபவர் அதை லேசர் வெட்டுக்கோ எம்பிராய்டரிக்கோ கொடுத்தால் இயந்திரம் அங்கே நின்றுவிடும். பரிசோதகர் அதனால்தான் பிடிக்கிறார்.

வரையும் முறையை மாற்றுங்கள். கட்ட வலையைப் போட்டு ஸ்னாப் வசதியை (முனை கட்டத்தில் தானாக ஒட்டிக்கொள்வது) முடுக்கிவிடுங்கள். 7க்கு 7 புள்ளி, புள்ளிக்குப் புள்ளி 500 அலகு என்றால் ஓரத்தோடு 4000க்கு 4000 பக்கத்தில் அழகாக உட்காரும். வளைவுகளை வைத்து முடித்ததும் முனைகளை இரண்டு இரண்டாகத் தேர்ந்து எல்லாவற்றையும் இணைக்க வேண்டும். சிக்குக் கோலத்தின் இலக்கணமே கோடு போன இடத்துக்குத் திரும்பி வருவதுதானே. ஒரே இழைக் கோலமென்றால் கடைசியில் உங்களிடம் ஒரே ஒரு பாதைதான் மிச்சமிருக்க வேண்டும். இரண்டு மூன்று இழை என்றால் அத்தனை பாதை. எண்ணிக்கை கூடுதலாகக் காட்டினால் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. கோலம் போடத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கிற சோதனை இது.

பிறகு ஸ்ட்ரோக்கைப் பாதையாக விரியுங்கள். இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல், ஆல்ட், சி. அதன்பின் யூனியன் (ஒன்றாகச் சேர்க்கும் கட்டளை). விரிக்காமல் அனுப்பினால் வாங்குபவர் படத்தைச் சிறிதாக்கும்போது கோடு மட்டும் தடிமன் குறையாமல் நின்று கோலமே அடைத்துப்போகும். விரிப்பதற்கு முந்தைய கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், திருத்தம் அதில்தான் செய்ய முடியும்.

நிழல், மங்கல் வேண்டாம். இங்க்ஸ்கேப்பில் பிளர் (மங்கல்) போட்டு, வெக்டர் கோப்பு வகையான இபிஎஸ் ஆகச் சேமித்தால் அந்தப் பகுதி பிக்சலாக மாறிவிடும், பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிடுவார்கள். விளக்கின் ஒளிவட்டம் வேண்டுமென்றால் நிறம் படிப்படியாக மாறும் ஐந்தாறு வட்டங்களை அடுக்குங்கள். எழுத்து இருந்தால் பாதையாக மாற்றிவிடுங்கள். நிற முறை ஆர்ஜிபி (திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவை).

பக்க அளவில் ஒரு பொறி இருக்கிறது. அடோபி ஸ்டாக் வெக்டருக்குக் குறைந்தது 15 மெகாபிக்சல் பக்கம் கேட்கிறது. ஷட்டர்ஸ்டாக் 4 முதல் 25 வரை ஏற்கிறது. 4000க்கு 4000 என்றால் 16, இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் இங்க்ஸ்கேப்பில் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல், இபிஎஸ் கோப்பில் ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட். நீங்கள் 4000 பிக்சல் என்று வைத்தது வெளியே வரும்போது 3000 ஆகி, 9 மெகாபிக்சலாகச் சுருங்கிவிடும். ஆவண அமைப்பில் அலகைப் பாயிண்ட் என்று மாற்றி 4000 வையுங்கள், தீர்ந்தது.

மரபுக் கோலம் யாருடைய உரிமையும் இல்லை. ஆனால் இன்னொருவர் வலையொளியில் போட்ட கோலத்தின் படத்தைக் கீழே வைத்து மேலே கோடு இழுப்பது திருட்டுத்தான். புள்ளியிலிருந்து நீங்களே போடுங்கள். ஒருவரின் புகைப்படத்தைப் பார்த்து முகம் வரைந்தாலும் அவர் ஒப்புதல் வேண்டும்.

தீபாவளிக்கு விற்க வேண்டிய படம் ஜூலை, ஆகஸ்ட்டுக்குள் தளத்தில் இருக்க வேண்டும். வாங்கும் வடிவமைப்பாளர்கள் இரண்டு மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். பொங்கலுக்கு அக்டோபர்.

---

கிராணி திண்ணை எழுதியது:

நிறுவனம், பணம், வரி இவற்றை எழுதுகிறேன்.

முதலில் அடோபி ஸ்டாக், ஷட்டர்ஸ்டாக் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடோபி படத்துக்கும் ஓவியத்துக்கும் 33 விழுக்காடு தருகிறது. சந்தாவில் வாங்கும் சாதாரணப் பதிவிறக்கத்துக்குக் குறைந்தது 33 அமெரிக்கக் காசு. ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனிலிருந்து படிநிலை முறைக்கு மாறிவிட்டது. ஆண்டின் முதல் 100 பதிவிறக்கம் வரை 15 விழுக்காடு, 101க்கு மேல் 20, 251க்கு மேல் 25, 501க்கு மேல் 30, இப்படி 40 வரை ஏறும். ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் எல்லாரும் மறுபடி 15க்கே இறங்குவார்கள். அதனால் ஜனவரி கணக்கைப் பார்த்து மனம் விட வேண்டாம். ஒரு படத்துக்கு 10 காசு மட்டும் விழும் நாள்களும் உண்டு.

ஐஸ்டாக் தனக்கு மட்டுமே என்று தராத படத்துக்கு 15, ஓவியத்துக்கு 20 விழுக்காடு தருகிறது. 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும். கையில் முந்நூறு நானூறு படம் சேரும்வரை அதைத் தள்ளிவையுங்கள். ஒரே நிறுவனத்துக்கு மட்டும் தரும் ஒப்பந்தம் எதிலும் இப்போது வேண்டாம்.

அலமி வேறு வகை. பதிவிறக்கம் குறைவு, ஆனால் ஒன்றுக்குக் கிடைக்கும் தொகை பொதுவாகக் கூடுதல். செய்தி, பாடநூல் பயன்பாட்டுக்கு வாங்குபவர்கள் அங்கே வருகிறார்கள். அந்த வகைக்கு ஒப்புதல் படிவம் இல்லை என்று குறித்தே ஏற்றலாம். நம் ஊர்க் கடைத்தெரு, ரயில் நிலையம், வாரச் சந்தை எல்லாம் அங்கே பொருந்தும். ஒரு தவணையில் ஒரு படம் தரச்சோதனையில் தோற்றால் அந்தத் தவணை முழுவதும் திரும்பும், அதனால் சின்னச் சின்னத் தவணையாக அனுப்புங்கள்.

அடோபியில் 25 டாலர் சேர வேண்டும், முதல் விற்பனையிலிருந்து 45 நாள் கழிய வேண்டும், பிறகு நீங்களே கேட்டு வாங்க வேண்டும். 33 காசாகவே விற்றால் 25 டாலருக்கு 76 பதிவிறக்கம். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். முதல் ஆண்டில் இதை மாதச் சம்பளமாக நினைத்து எந்தக் கடனும் வாங்க வேண்டாம்.

வரி. அமெரிக்க நிறுவனங்கள் டபிள்யூ-8பென் (அமெரிக்கர் அல்லாதவர் தரும் வரிப் படிவம்) கேட்கும். மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் முழுமையான இரட்டை வரி ஒப்பந்தம் இல்லை. ஆகவே ஒப்பந்தச் சலுகை கேட்கும் இரண்டாம் பகுதியை வெறுமையாக விடுங்கள். இணையத்தில் இந்தியாவிலிருந்து எழுதுபவர்கள் 15 விழுக்காடு என்று சொல்வது அவர்கள் நாட்டு ஒப்பந்தப்படி. அதைப் பார்த்து நிரப்பினால் பொய்ச் சான்றாகிவிடும். நமக்கு 30 விழுக்காடு பிடிப்பார்கள், ஆனால் அமெரிக்காவில் வாங்கியவர்களின் பங்குக்கு மட்டும். அங்கே 33 காசுக்கு விற்றது 23 காசாக வரும். ஜெர்மனியில் விற்றது முழுதாக வரும். படிவம் கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாம் ஆண்டின் கடைசி நாள் வரை செல்லும். 2025இல் போட்டது 2028 டிசம்பர் 31 வரை. நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

பெயர்ச் சிக்கல் நம்மவர்கள் பலரைக் கவிழ்த்திருக்கிறது. முதல் பெயர்க் கட்டத்தில் உங்கள் பெயர், குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர். ஏ/பி என்பதில் உள்ள சாய்கோட்டைச் சில படிவங்கள் ஏற்காது. அப்போது கோடில்லாமல் இரண்டு எழுத்தையும் எழுதுங்கள். முக்கியமானது, ஸ்டாக் கணக்கு, வரிப் படிவம், பணம் வாங்கும் பேபால் அல்லது பேயோனியர், வங்கிக் கணக்கு நான்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருக்க வேண்டும். அடையாள அட்டையில் அப்பா பெயரில் இரண்டு என் இருந்தால் எல்லா இடத்திலும் இரண்டு என். தம்பி கணக்கு, மாமா கணக்கு என்று வேறொருவர் பெயருக்குப் பணத்தைத் திருப்பப் பார்த்தால் பணம் நடுவழியில் நிற்கும்.

இங்கே உள்நாட்டு வருமான வாரியத்துக்கும் இந்த வருமானத்தைக் காட்டுங்கள். சம்பளம் மட்டும் உள்ளவருக்கு பிஇ பாரம். இதைத் தொழிலாகத் தொடர்ந்து செய்தால் பி பாரம். இணைய வங்கியில் பணம் வந்த பதிவு, மாத விற்பனை அறிக்கை, லென்ஸ் வாங்கிய ரசீது எல்லாவற்றையும் 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எதில் சேரும் என்ற சந்தேகத்தை ஈப்போ அலுவலகத்தில் நேரில் கேட்டு, சொன்னதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

---

சிப்புட் கோலம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. வாட்ஸ்அப், நம்பர் பிளேட் இரண்டும் அப்படியே உண்மை. கோலத்தைத் திறந்து பார்த்தேன், ஒரே இழைக் கோலத்தில் 9 பாதை காட்டுகிறது.

இன்னும் மூன்று. தேறிய செம்பனைப் படத்துக்கு 50 தேடுசொல்லும் நிரப்பியிருக்கிறேன்: மரம், பச்சை, இயற்கை, தென்னை, கடற்கரை, வெப்பமண்டலம் என்று. யாரும் பார்க்கவில்லை. தைப்பூசப் படங்களை எப்படி அனுப்புவது? கோலத்தை ஏஐயில் செய்து வேகமாக ஏற்றலாம் என்கிறார்கள், செய்யலாமா?

---

பால்வெட்டு நேரம் எழுதியது:

தென்னை, கடற்கரை ரெண்டையும் இப்பவே எடுத்துடுங்க. செம்பனையைத் தேடறவர் தென்னையை வாங்கமாட்டார், தென்னையைத் தேடி வந்தவர் உங்க படத்தைப் பார்த்துட்டுத் தாண்டிப் போவார். அப்படித் தாண்டிப் போகப் போக படம் கீழ இறங்கிடும். அடோபியில 49 சொல் வரைக்கும் போடலாம், வரிசைக்கு மதிப்பு உண்டு, முதல் 10 சொல்தான் உயிர். எல்லாம் ஆங்கிலத்துல: ஆயில் பாம், ஃப்ரெஷ் ஃப்ரூட் பன்ச், எலேயிஸ் கினியென்சிஸ், பிளான்டேஷன், ஹார்வெஸ்ட், பாம் ஆயில், மலேசியா, பெராக். அறிவியல் பெயரை விடாதீங்க. பாடநூல்காரரும் ஆய்வறிக்கை போடறவரும் அதைத்தான் தட்டுவாங்க. நான் 25லேருந்து 30ல நிறுத்துவேன்.

பழத்தைக் குறுக்க வெட்டி வெள்ளைப் பின்னணியில ஒரு படம் எடுங்க. வெளியில ஆரஞ்சு சதை, நடுவுல கருத்த ஓடு, உள்ள வெள்ளைப் பருப்பு. சதையிலேருந்து ஒரு எண்ணெய், பருப்புலேருந்து வேற எண்ணெய். அதை விளக்கற ஒவ்வொரு கட்டுரைக்கும் அந்தப் படம் வேணும். வெட்டின உடனே எடுத்துடுங்க, நேரமானா சதை கருக்கும். 2023ல ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த காடழிப்புச் சட்டத்துல ரப்பரும் செம்பனையும் சேர்ந்திருக்கு. அதைப் பத்தி எழுதறவங்களுக்கு அந்திச் சூரியன் உதவாது. மறுநடவுக்குச் சாய்ச்ச மரம், நாத்துப்பை வரிசை, சிறுதோட்டக்காரர் குலையை நிறுக்கற தராசு, கட்டிப்பால் மூட்டை, இதெல்லாம் வேணும். இது என்னன்னு பேர் தெரிஞ்சு எடுக்க நம்ம ஊர்க்காரங்களாலதான் முடியும்.

பக்கத்துலயே கோலகங்சார் இருக்கு. 1877ல லண்டன் கியூ தாவரத் தோட்டத்துலேருந்து சிங்கப்பூர் வழியா வந்த 22 பால்மரக் கன்னுல 9 அங்க நட்டாங்க, அதுல ஒரு மரம் மாவட்ட அலுவலகம் பக்கம் இன்னும் நிக்குது. அடிமரத்தோட தடிமன் தெரியற மாதிரி, பக்கத்துல இருக்கிற தகவல் பலகையைத் தவிர்த்து ஒண்ணு வணிகத்துக்கு. பலகையோட ஒண்ணு செய்திப் பயன்பாட்டுக்கு.

தைப்பூசமும் செய்திப் பயன்பாடுதான். ஷட்டர்ஸ்டாக்ல தலைப்பு இந்த ஒழுங்குல இருக்கணும்: ஈப்போ, மலேசியா - பிப்ரவரி 11, 2025: கல்லுமலைக் கோயில் தைப்பூசத்தில் பால்குடம் ஏந்திச் செல்லும் பக்தர்கள். ஊர், நாடு, தேதி, அப்புறம் நடந்தது. இதுல எதையும் அழிக்கக்கூடாது, சேர்க்கக்கூடாது. வெட்டறதும் வெளிச்சம் சரி பண்றதும் மட்டும்தான். முகம் தெரியற செய்திப் படத்தை அடோபி எல்லார்கிட்டயும் வாங்கறதில்ல, அதை ஷட்டர்ஸ்டாக், அலமிக்கு ஒதுக்குங்க. அலகு குத்தற நேரத்துல முகத்துக்கு நெருக்கமா போய் எடுக்கணும்னா, சட்டம் கேட்கலைன்னாலும் அவங்க வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க.

---

ஊடுபாவு எழுதியது:

சொல் எண்ணிக்கையில் அண்ணனோடு கோலத்துக்கு மட்டும் மாறுபடுகிறேன். படத்துக்கு 25 போதும். கோலத்துக்கு 40 வரை போகலாம், ஏனென்றால் ஒரே பொருளுக்குப் பல பெயர். நாமும் சிங்கப்பூரும் தீபாவளி என்று தேடுவோம், வட இந்தியரும் அமெரிக்காவில் இருப்பவர்களும் திவாளி என்று தேடுவார்கள், இரண்டையும் போடுங்கள். கோலம், ரங்கோலி, சிக்குக் கோலம், புள்ளிக் கோலம், பொங்கல், சீம்லெஸ், லைன் ஆர்ட். மண்டலா என்று மட்டும் போடாதீர்கள், அது வேறு அமைப்பு.

ஏஐ பற்றி. ஷட்டர்ஸ்டாக்கும் ஐஸ்டாக்கும் நம்மிடமிருந்து ஏஐ படம் வாங்குவதில்லை. அடோபி வாங்குகிறது, ஆனால் ஏஐ என்று குறியிட வேண்டும். மறைத்தால் கணக்கே போகலாம். உங்கள் துறையில் அது தேவையும் இல்லை. ஏஐ போட்ட சிக்குக் கோலத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: இரண்டு புள்ளி கோட்டுக்கு வெளியே அநாதையாக நிற்கும், ஓர் இழை இன்னோர் இழைக்குள் கரைந்து காணாமல் போகும். மார்கழி வாசலில் போட்டுப் பழகிய கைக்கு அந்தப் பிழை வராது. நீங்கள் விற்கப் போவது அந்தச் சரியான கோடுதான்.

அந்த 9 பாதைக்கு: எடிட் பாத்ஸ் கருவியில் கண்ட்ரோல், ஏ அழுத்தி எல்லா முனையையும் தேர்ந்து ஜாயின் போட்டுவிடாதீர்கள், ஜோடி மாறி இணைந்து கோலம் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு சந்திப்பாகப் போய் இரண்டு இரண்டு முனையாக இணையுங்கள். இடது மேல் மூலையில் தொடங்கி, கோலம் போடும்போது கை போகும் வழியிலேயே போங்கள். ஒவ்வோர் இணைப்புக்கும் எண்ணிக்கை ஒன்று குறைய வேண்டும். கடைசியில் ஒரு பாதையும் இரண்டு திறந்த முனையும் மிஞ்சும், அந்த இரண்டையும் இணைத்தால் கோலம் மூடிக்கொள்ளும். பிறகு நகலெடுத்து, அந்த நகலில் மட்டும் ஸ்ட்ரோக்கை விரியுங்கள்.